மாமியாரைக் கேட்காத திட்டம்: சர்வதேசச் சமூக மேம்பாட்டில் முதுகலை எதற்காக?

1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஒரு ஊட்டச்சத்துத் திட்டம் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சர்வதேசச் சமூக மேம்பாடு என்ற முதுகலைப் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று யார் கேட்டாலும் நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு அரசு நடத்திய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்து உருண்டை, அதுவும் உடம்பு தேறும் வரை சில மாதங்களுக்கு மட்டும். கூடவே தாய்க்கு எதை எப்போது எப்படி ஊட்டுவது என்ற ஆலோசனை. ஊழியரைத் தேர்ந்தெடுத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், வசதி இல்லாதவராக இருந்தும் தன் பிள்ளைகளை நல்ல உடம்போடு வளர்த்தவராக இருந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்டவர் சொன்னால் பக்கத்து வீட்டுத் தாய் கேட்பாள் இல்லையா? கேட்டார்கள். திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின.

இவ்வளவு நன்றாக நடந்த ஒன்றை வேறு இடத்துக்கும் கொண்டுபோவது இயல்புதானே. 1995-இல் வங்கதேசத்தில், அதே உலக வங்கி ஆதரவோடு, தமிழ்நாட்டு மாதிரியை ஒட்டி ஒரு திட்டம் தொடங்கியது. அதே எடை போடுதல், அதே கூடுதல் உணவு, தாய்க்கு அதே ஆலோசனை. பத்தாண்டுக்குப் பிறகு உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு திரும்பிப் பார்த்தபோது, குழந்தைகளின் ஊட்டச்சத்தில் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை என்று தெரிந்தது. தாய்மார்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது, ஆனால் தெரிந்ததைச் செய்ய முடியவில்லை. அந்த நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலும் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருபவர் கணவர். கூட்டுக்குடும்பத்தில் அடுப்படியில் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பவர் மாமியார். திட்டம் பேசியதோ மருமகளோடு மட்டும். மையத்தில் கொடுத்த உணவும் பல வீடுகளில் கூடுதலாகச் சேரவில்லை. வீட்டில் தர வேண்டிய சாப்பாட்டுக்குப் பதிலாகப் போய்விட்டது, அல்லது வேறு யாரோ சாப்பிட்டார்கள்.

நம் ஊரிலும் மாமியார்கள் உண்டுதான். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண் கடைக்குத் தானே போகிறாள், ரேஷன் வாங்குகிறாள், கூலி வேலைக்குப் போய்த் தன் கையில் கொஞ்சம் காசு பார்க்கிறாள். ‘தாய்க்குச் சொன்னால் குழந்தைக்குச் சேரும்’ என்ற எண்ணம் இங்கே ஓரளவு உண்மையாக இருந்ததற்கு இதெல்லாம் காரணம். திட்ட ஆவணத்தில் இந்தக் காரணம் எழுதப்படவில்லை, ஏனென்றால் எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தத்துவவியலாளர் நான்சி கார்ட்ரைட் இந்த இரண்டு திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓர் இடத்தில் பலித்தது இன்னோர் இடத்தில் பலிக்க எவையெவை துணை நிற்க வேண்டும் என்று கேட்டார். கொள்கை வகுப்பவர்கள் மத்தியில் அது பிரபலமான உதாரணமாகிவிட்டது.

ஒரு வீட்டுக்குள், ஒரு தெருவுக்குள், ஓர் ஊருக்குள் முடிவு யார் கையில் இருக்கிறது? பணமும் திட்டமும் வெளியிலிருந்து வரும்போது அந்த முடிவு யாருக்குச் சாதகமாகத் திரும்புகிறது? இந்தக் கேள்வியை விடாமல் கேட்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பின் சாரம் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம், அதாவது கோட்பாட்டுப் பெயர்கள், திட்டத்தின் இலக்கையும் அளவுகோலையும் கட்டம் போட்டுக் காட்டும் லாக்-ஃபிரேம் அட்டவணைகள், ஐ.நா. இலக்குகளின் எண்கள், ஆறு மாதம் வேலை பார்த்தால் தானாக வந்துவிடும்.

இது எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலையா, பொருளாதாரமா, பொதுக் கொள்கையா என்று குழம்புபவர்கள் நிறைய. எம்.எஸ்.டபிள்யூ. ஒரு தொழில்பயிற்சி: தனிநபரோடும் குடும்பத்தோடும் குழுவோடும் நேரடியாக வேலை செய்யக் கற்றுத் தரும், வாரத்தில் சில நாள் களப்பணி கட்டாயம். வளர்ச்சிப் பொருளாதாரம் கணக்கும் தரவுமாக இருக்கும். சமூக மேம்பாடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நலத்திட்டங்கள், கல்வி, சுகாதாரம், பாலினம், இடப்பெயர்வு, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பல நாடுகளின் அனுபவத்தை ஒப்பிட்டுப் படிப்பது இதன் வேலை. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பட்டத்தின் பெயர் மாறும். ஓர் இடத்தில் ‘வறுமையும் வளர்ச்சியும்’, இன்னோர் இடத்தில் ‘வளர்ச்சிக்கான சமூகக் கொள்கை’, வேறோர் இடத்தில் வெறும் ‘வளர்ச்சி ஆய்வுகள்’. பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், பாடப்பட்டியலைப் பாருங்கள்.

இந்தத் துறைக்கு ஒரு பழைய கறை உண்டு, அதை மறைக்காமல் சொல்லும் ஆசிரியர்கள்தான் நல்ல ஆசிரியர்கள். 1930-களில் பிரிட்டனின் கரீபியக் காலனிகளில் தொழிலாளர் கலவரங்கள் வெடித்தன. அதன் பிறகு, 1940-இல், காலனி வளர்ச்சிக்கும் நலனுக்கும் என்று லண்டன் ஒரு சட்டம் போட்டது. மக்களைக் கொஞ்சம் கவனித்தால்தான் ஆட்சியைத் தக்கவைக்கலாம் என்ற கணக்கு அதில் இருந்தது. அப்புறம் 1949 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் பதவியேற்பு உரையில் பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி என்று அறிவித்தார், அதிலும் பனிப்போர்க் கணக்கு இருந்தது. ஆக உதவி என்பது தொடக்கத்திலிருந்தே கொடுப்பவரின் தேவையோடு பின்னிக் கிடந்தது.

1950-களிலும் 60-களிலும் உற்பத்தி பெருகினால் எல்லாம் சரியாகும் என்று நம்பினார்கள். 1969-இல் டெல்லியில் நடந்த ஒரு சர்வதேச மாநாட்டில் பொருளியலாளர் டட்லி சியர்ஸ் அந்த நம்பிக்கையை நேரடியாகக் கேள்வி கேட்டார். இங்கிலாந்தின் சசெக்ஸில் 1966-இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர். ஒரு நாட்டில் வறுமை என்ன ஆயிற்று, வேலையின்மை என்ன ஆயிற்று, ஏற்றத்தாழ்வு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும், இவை மோசமாகிக்கொண்டே போனால் தலைக்கு இவ்வளவு வருமானம் கூடியது என்பதை வளர்ச்சி என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம், அன்று அப்படி இல்லை.

அந்த வாதத்துக்கு உயிருள்ள சாட்சியாக நின்றவை நமக்குப் பக்கத்து இடங்கள். கேரளத்தைப் பற்றி 1975-இல் ஐ.நா.வுக்காகத் திருவனந்தபுரத்து ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கை, வருமானம் குறைவாக இருந்தும் எழுத்தறிவிலும் ஆயுளிலும் ஒரு மாநிலம் முன்னே போக முடியும் என்று காட்டியது. இலங்கை இன்னும் பழைய சாட்சி. 1940-களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி, கிராமம் வரை சென்ற இலவச மருத்துவம், மானிய அரிசி. இவற்றால் அந்தத் தீவு தன் வருமான நிலையில் இருந்த நாடுகளையெல்லாம் தாண்டிக் குழந்தை இறப்பைக் குறைத்தது. அமர்த்தியா சென் இலங்கையைத் தன் எழுத்துகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். இதே இலங்கையில் 1979-இல் அரிசிப் பங்கீட்டை எடுத்துவிட்டு, குறிப்பிட்ட ரூபாய் மதிப்புக்கு உணவு வாங்கிக்கொள்ளும் உணவு முத்திரை கொடுத்தார்கள். விலைவாசி ஏற ஏற முத்திரையின் மதிப்பு கரைந்தது, ஏழை வீடுகள்தான் அடிபட்டன. அதே தீவில் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களின் எண்கள் நாட்டின் சராசரிக்கு வெகு கீழே இருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை நேர்மையாக இருக்கும். நாட்டின் சராசரி என்பது யாரையெல்லாம் மறைக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

1980-களில் கடன் நெருக்கடியில் சிக்கிய நாடுகளிடம் கடன் கொடுத்தவர்கள் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் பணம்தான் முதலில் வெட்டப்பட்டது. அதை எதிர்த்து யுனிசெஃப் 1987-இல் வெளியிட்ட ஆய்வு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 1990-இல் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னெடுத்த மனித வளர்ச்சி அறிக்கை வந்தது. 1995 மார்ச்சில் கோபன்ஹேகனில் 117 நாட்டுத் தலைவர்கள் கூடிச் சமூக மேம்பாட்டுக்கென்றே முதல் உலக உச்சிமாநாடு நடத்தினார்கள். இரண்டாவதற்கு முப்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது, 2025 நவம்பரில் தோஹாவில்.

சரி, வகுப்பறைக்குள் போவோம். பிரிட்டனில் இது பெரும்பாலும் ஒரு வருடப் படிப்பு, 180 கிரெடிட். இரண்டு பருவம் வகுப்பு, கோடைக்காலம் முழுக்க ஆய்வேடு. கோட்பாடு ஒரு தாள், ஆய்வு முறைகள் ஒரு தாள், சமூகக் கொள்கை ஒரு தாள், மற்றவை விருப்பப் பாடங்கள். இந்தப் பட்டியலை வைத்து ஒன்றும் புரியாது. ஒரு விவாதத்தைச் சொல்கிறேன்.

வங்கதேசத்தில் பெண்களுக்குக் கொடுக்கும் சிறுகடனால் அவர்களுக்கு அதிகாரம் வந்ததா? 1996-இல் ஆன் மேரி கெட்ஸும் ரீனா சென் குப்தாவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடன் பெண் பெயரில் இருந்தாலும், பாதிக்கும் மேற்பட்ட கடன்களில் பணத்தைக் கையாண்டதில் அந்தப் பெண்ணுக்கு முழுமையான பிடி இல்லை, கணவரோ மற்ற ஆண்களோ எடுத்துக்கொண்டார்கள், திருப்பிக் கட்டும் சுமை மட்டும் பெண்ணிடம் என்றது அது. சில வருடம் கழித்து நைலா கபீர் அதே மாதிரிக் கடன் வாங்கிய பெண்களிடம் வேறு விதமாகக் கேட்டார். உன் வாழ்க்கையில் எது மாறியது என்று அவர்களையே சொல்ல விட்டார். வீட்டில் எனக்கு மதிப்புக் கூடியது, அடி குறைந்தது, பணம் என் மூலம் வருகிறது என்று கணவருக்குத் தெரியும் என்றெல்லாம் பதில்கள் வந்தன. கணவனும் மனைவியும் சேர்ந்து பணத்தைப் பயன்படுத்துவதை ‘பிடி இழந்தாள்’ என்று வகைப்படுத்தினால், அந்தப் பெண் விரும்பிய வாழ்க்கையையே தோல்வி என்று பதிவு செய்கிறோம் என்பது அவர் பக்கம். இரண்டு ஆய்வையும் படித்துவிட்டு, ஒன்று சரி, இன்னொன்று தவறு என்று சொல்லிவிட முடியாது. எதை அளந்தோம், யாரிடம் கேட்டோம், எந்தக் கேள்வியைக் கேட்டோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

தமிழ்நாட்டு மாணவர் இந்த விவாதத்தைக் கேட்டதும் தருமபுரியை நினைக்க வேண்டும். 1989-இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மாநில அரசு சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது அங்கேதான். அதிலிருந்து மகளிர் திட்டம், வங்கிக் கடன், இன்று வீடு தேடி வரும் மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல்காரர் வரை ஒரு நேர்க்கோடு இழுக்கலாம். 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை போகத் தொடங்கியது. அந்த ஆயிரம் ரூபாயை எடுத்தது யார், செலவு செய்தது யார், அது வந்தபின் வீட்டில் பேச்சு எப்படி மாறியது? கெட்ஸின் கேள்வியோடு ஒரு முறை, கபீரின் கேள்வியோடு ஒரு முறை கேட்டுப் பார்த்தால் நல்ல ஆய்வேடு ஒன்று கிடைக்கும்.

ஆய்வு முறைகள் தாளில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு தொடர்பு இருக்கிறது. ராபர்ட் சேம்பர்ஸ் பெயர் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். கிராம மக்களே தரையில் கோலப்பொடியாலும் விதைகளாலும் தங்கள் ஊர் வரைபடத்தை வரைந்து, யார் வீட்டில் வசதி, எந்த மாதம் பஞ்சம் என்று தாங்களே அலசும் பங்கேற்பு முறையை உலகெங்கும் பரப்பியவர். 1970-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடஆற்காட்டிலும் இலங்கையிலும் பசுமைப் புரட்சி நெல்லைப் பற்றிச் செய்த கூட்டு ஆய்வில் அவர் வேலை செய்தார். வெளியிலிருந்து வரும் அதிகாரிக்கும் ஆய்வாளருக்கும் ஏழைகள் ஏன் கண்ணில் படுவதில்லை என்று பின்னாளில் அவர் விரிவாக எழுதினார்: தார் ரோட்டை ஒட்டிய ஊருக்கே போகிறார்கள், மழைக்காலத்தில் போவதில்லை, திட்டம் நடக்கும் இடத்தையே பார்க்கிறார்கள், ஊரில் பேசத் தெரிந்த ஆண்களோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். நம் ஊரில் கலெக்டர் ஆய்வுக்கு வரும் நாளைப் பார்த்த யாருக்கும் இது புரியும். அதே பங்கேற்பு முறை பிறகு எல்லா என்.ஜி.ஓ.வின் சடங்காகிப்போனது. சார்ட் பேப்பரில் நான்கு படம் வரைந்துவிட்டு ‘சமூகத்தின் குரல்’ என்று அறிக்கை எழுதியதையும் இந்தப் படிப்பே கடுமையாக விமர்சிக்கிறது. ஊர் நடுவில் எல்லோரையும் உட்கார வைத்தால் அங்கே பேசுவது ஊரின் பெரிய கைகள்தான், தலித் காலனியிலிருந்து வந்தவர் ஓரத்தில் நிற்பார்.

இதைவிட ஆழமான முறை ஒன்று நம்மிடமே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களைக் கிராமங்களை ஆராய அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி என்று அந்த ஊர்கள் அதன் பிறகு 1930-களிலும் 60-களிலும் 80-களிலும் மறுபடி மறுபடி ஆராயப்பட்டன. இருவேல்பட்டை 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் திரும்பவும் ஆராய்ந்தார்கள். ஒரு பெரிய நிலவுடைமைக் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊரில் அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது, வெளிவேலையும் அரசு நலத்திட்டங்களும் தலித் மக்களை நிலக்காரரிடமிருந்து எந்த அளவுக்கு விடுவித்தன, எந்த அளவுக்கு விடுவிக்கவில்லை என்று அதில் பார்க்கலாம். மூன்று வருட ப்ராஜெக்ட் அறிக்கைகளில் இது தெரியவே தெரியாது. தொண்ணூறு வருடப் பதிவு கைவசம் உள்ள ஊர்கள் உலகில் குறைவு. வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சமூகம் என்று யாரைச் சொல்கிறோம் என்ற இந்தக் கேள்வி எவ்வளவு அவசரமானது என்பதை 2004 சுனாமி காட்டியது. நாகப்பட்டினத்துக்குப் பணம் குவிந்தது, நல்ல மனதோடுதான் குவிந்தது. என்.ஜி.ஓ.க்கள் போட்டி போட்டுப் படகு கொடுத்தன. சில இடங்களில் முன்பிருந்ததைவிடப் படகுகள் கூடிப்போயின. நிவாரணப் பட்டியலைத் தயாரிக்க உதவியது மீனவர் பஞ்சாயத்து. வேகத்துக்கு அது உண்மையிலேயே பெரிய பலம். ஆனால் பஞ்சாயத்தில் இல்லாதவர்கள்? கூடையில் மீன் விற்ற பெண்கள், கணவரை இழந்தவர்கள், கடலோரத்தில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்கள், இருளர்கள். படகு இழக்காதவர் என்பதால் எதையும் இழக்காதவர் என்று ஆகிவிட்டது. உதவி செய்ய வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊரில் யார் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்க அவர்களுக்கு நேரமோ பழக்கமோ இல்லை.

இப்போது எல்லோருக்கும் வரும் சந்தேகம். திருவண்ணாமலைக் கிராமத்தைப் பற்றிப் படிக்க ஏன் சசெக்ஸ் பல்கலைக்கழகம் இருக்கும் பிரைட்டனுக்குப் போக வேண்டும்? கேள்வி நியாயமானது. ஏழை நாடுகளைப் பற்றிய அறிவைப் பணக்கார நாட்டில் காசு கொடுத்து வாங்கும் இந்த ஏற்பாடு சரியானது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே போவதில் எனக்குத் தெரியும் ஒரே பெரிய லாபம், உடன் படிப்பவர்கள். கென்யாவில் நிதி அமைச்சகத்தில் இருந்தவர், கொலம்பியாவில் அகதி முகாமில் வேலை செய்தவர், வங்கதேசத்தில் என்.ஜி.ஓ. நடத்தியவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நீங்கள் சொல்வதை மறுத்துப் பேசும்போது, தமிழ்நாட்டில் இயல்பு என்று நினைத்தது எவ்வளவு விசேஷமானது என்று புரியும். அதோடு நூலகம். மற்றபடி படிப்பின் உள்ளடக்கம் இங்கேயும் கிடைக்கும். மும்பை டிஸ், அதாவது டாடா சமூக அறிவியல் நிறுவனம், 1936-இல் தொடங்கியது, இரண்டு வருட எம்.ஏ., களப்பணியில் அதற்கு இணை குறைவு. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளி இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வளர்ச்சி ஆய்வுகளில் எம்.ஏ. உண்டு. காந்திகிராமம் இருக்கிறது. யுனெஸ்கோவில் உயர் பதவியில் இருந்து திரும்பிய மால்கம் ஆதிசேஷையா 1971-இல் அடையாறில் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம், முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு. இலங்கையில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப்பணிக் கல்வியை நடத்துகிறது.

வெளியே என்றால் சசெக்ஸ், மான்செஸ்டர், லண்டனின் எல்.எஸ்.இ., ஈஸ்ட் ஆங்லியா, நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1952 முதல் இயங்கும் சமூக ஆய்வு நிறுவனம். தரவரிசையில் சசெக்ஸ் பல வருடம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது, அதற்காக அது உங்களுக்குப் பொருந்தும் என்று அர்த்தமில்லை.

பணம்தான் உண்மையான தடை. பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்குக் கல்விக் கட்டணமே பெரும்பாலும் 20 ஆயிரம் பவுண்டைத் தாண்டும், அதாவது 20 லட்சம் ரூபாய்க்கு மேல். வீட்டு வாடகை, சாப்பாடு, விசாக் கட்டணம், மருத்துவக் கட்டணம் எல்லாம் தனி. 2024 ஜனவரி முதல் இந்த மாதிரி முதுகலை மாணவர்கள் மனைவி, கணவர், பிள்ளைகளைக் கூட்டிச் செல்லவும் முடியாது. வீட்டை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கி இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள். கம்ப்யூட்டர் படிப்புக்கு வாங்கும் கடனை அடைக்கும் சம்பளம் இந்தத் துறையில் தொடக்கத்தில் கிடைக்காது. ஏஜென்சிக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

ஸ்காலர்ஷிப்தான் வழி. பிரிட்டன் அரசு தரும் செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், கட்டாயம். படித்து முடித்ததும் குறைந்தது இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். காமன்வெல்த் பகிர்வு உதவித்தொகை, வேறு வழியில் படிக்க வசதி இல்லாதவர்களுக்காகவே உள்ளது. ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டஸ், பல நாடுகளில் மாறி மாறிப் படிக்கலாம். தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் நடத்துகிறது. மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையும் உண்டு. ஆனால் 2022-இல் அதன் விதிகளில் ஒரு மாற்றம் வந்தது: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளில் வெளிநாட்டில் படிக்க அந்தப் பணம் கிடையாது. சாதியைப் பற்றி ஆராய அதிகக் காரணமுள்ள மாணவருக்கு, அதைத் தவிர எதையும் படி என்று சொல்வது போன்ற விதி இது. தவறான விதி, திரும்பப் பெற வேண்டும்.

வேலை விஷயத்தில் நிலைமை கடினம், அதை மறைத்துப் பயனில்லை. 2021-இல் பிரிட்டன் வெளிநாடுகளுக்குத் தரும் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தது, 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. சமூக மேம்பாட்டு ஆலோசகர் என்று தனிப் பணிப்பிரிவையே வைத்திருந்த அதன் வளர்ச்சித் துறை 2020-இல் வெளியுறவுத் துறையோடு இணைக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டின் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்ததாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள், ஜூலையில் நிறுவனமே மூடப்பட்டது. ஜெனிவா, நைரோபி, டாக்கா என்று எங்கும் அனுபவசாலிகளே வேலை தேடிக்கொண்டிருக்கும்போது, புதிதாகப் பட்டம் வாங்கியவர் வரிசையின் கடைசியில் நிற்பார்.

இந்தியாவில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தம், ஓர் அமைப்பு தான் வாங்கிய பணத்தை இன்னொரு சிறிய அமைப்புக்குப் பகிர்வதைத் தடுத்தது, நிர்வாகச் செலவின் வரம்பை 50-லிருந்து 20 சதவீதமாக்கியது. ஆய்வாளர் சம்பளம் பலநேரம் அந்த நிர்வாகக் கணக்கில்தான் வரும். கிராமத்தில் வேலை செய்த சின்ன அமைப்புகள் பல இதில் நசுங்கின. மறுபக்கம் 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பதால் அங்கே வேலைகள் திறந்தன. பல இடங்களில் அந்த வேலை பெஞ்சு கொடுத்துப் போட்டோ எடுப்பதாக முடிகிறது. சரியான மேலாளர் கிடைத்தால் நல்ல வேலையும் செய்யலாம். இன்னொரு பெரிய வாசல் மாநில அரசு. முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம், மாநிலத் திட்டக்குழு போன்ற இடங்களில், நலத்திட்டங்கள் வீட்டுக்குள் என்ன செய்கின்றன என்று பார்க்கத் தெரிந்தவர்கள் தேவை. வெளிநாட்டு உதவி சுருங்கும் இந்தக் காலத்தில், அரசுகள் தங்கள் சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டங்கள்தான் இந்தப் படிப்புக்கு உண்மையான களம் என்பது என் கணிப்பு. தமிழ்நாடு அதில் உலகத்துக்கே பாடம் சொல்லும் இடத்தில் இருக்கிறது.

ஆகவே பி.ஏ. முடித்த கையோடு இதற்குப் போகாதீர்கள். முதலில் இரண்டு மூன்று வருடம் வேலை பாருங்கள், என்.ஜி.ஓ., சுய உதவிக் குழுக் கூட்டமைப்பு, உள்ளாட்சி, தோட்டத் தொழிலாளர் சங்கம், எதுவானாலும் சரி. ஒரு திட்டம் ஏன் ஓடவில்லை என்று உங்களுக்கே எரிச்சல் வந்திருந்தால்தான் வகுப்பில் படிப்பது ஒட்டும். ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் எஸ்.ஓ.பி. எழுதும்போது ‘ஏழைகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது சிறுவயதுக் கனவு’ என்று தொடங்காமல், நீங்கள் பார்த்த ஒரு திட்டம், அதில் உங்களுக்குப் புரியாமல் போன ஒரு விஷயம், அதைப் புரிந்துகொள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தத் தாள் உதவும் என்று எழுதுங்கள். செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் முடியும், பல்கலைக்கழக விண்ணப்பங்களும் அதே சமயத்தில் தொடங்கிவிடும். பரிந்துரைக் கடிதம் தரப்போகும் உங்கள் மேலாளரையும் பேராசிரியரையும் ஜூலையிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள்.